என் கார்டு ஜெயித்த கதை

மனைவியிடம் ஒரு முறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அந்தக் குளிர்கால மழையின்போது முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வப்போது எடுத்துவரும் முடிவுதான். வழக்கமாக எடுத்த வேகத்தில் அதைத் திரும்ப வைத்துவிடுவேன். இந்த முறை அப்படி முடியவில்லை. கடையே கையை விட்டுப் போகிற நிலை.

தைபேயில் மின்சாமான் சந்தைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு கடை. எனக்கு என்பது ஒரு பேச்சுக்கு. குத்தகை என் மனைவி பீயுன் பெயரில். அவள் அப்பா அந்த இடத்தில் ரேடியோ பாகங்கள் விற்றவர். அவர் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே நாளில் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தேன். ரேடியோக்களை ஒழித்துவிட்டு கிராஃபிக்ஸ் கார்டு வைத்தது மட்டும் என் யோசனை. 'லியாவ் கிராஃபிக்ஸ்' என்று என் பெயரிலேயே பலகையும் மாட்டினேன். மாமனார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நிம்மதியான மாதம்.

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் ஓடும் படத்தை வரைவதற்கென்றே தனியாக வாங்கி மாட்டுகிற பலகை அது. செங்கல் கனம் இருக்கும். மேலே மூன்று ஃபேன் சுற்றும். அதற்கு ரேம் என்கிற நினைவகம் தனி, மின்சாரம் தனி, காற்று தனி. தனிக்குடித்தனம். கார்டு வாங்க வசதியில்லாதவர்களின் கம்ப்யூட்டரில், அதே வேலையை மெயின் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் ஒண்டியிருக்கும் பகுதி ஒன்று பார்த்துக்கொள்ளும். அதற்குச் சொந்தமாக ரேம் கிடையாது. மெயின் சிப்பின் ரேமில் கேட்டு வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அதற்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பேன். ஒருநாள் அவர்கள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பீயுன் நிற்கிறாள்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னா அவ்வளவு கேவலமா?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுவாவே சொல்லுங்க. எங்கப்பா வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து சொல்லாதீங்க."

பிறகு நான் அந்த உவமையைக் கைவிட்டேன். ஆனால் அந்த வீட்டோட மாப்பிள்ளை என்னைக் கைவிடவில்லை. வருடா வருடம் வளர்ந்தான். முதலில் பழைய கேம்களை ஓட்டினான். அடுத்து ஓரளவு புதியவற்றை. கையில் வைத்து ஆடும் கருவிகளுக்குள் புகுந்தான், ரயிலில் நின்றபடி எல்லோரும் அவனை வைத்து ஆடினார்கள். சிலர் கருவியே வாங்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரில் கேம் ஓட, இவர்கள் இங்கே இணையத்தில் வாடகைக்கு ஆடினார்கள். இன்னொரு பக்கம், தானே யோசிக்கிற பெரிய பெரிய யந்திரங்கள் வந்து நல்ல சிப்புகளையெல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு போயின. மிஞ்சியது எங்கள் அலமாரிக்கு வந்தது. அதன் விலையைக் கேட்டவர்கள் உட்கார நாற்காலி கேட்டார்கள். கார்டுக்காரர்களுக்குக் கேம் ஆடுகிறவன் இப்போது கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம். வந்தால் வா, சாப்பிட்டால் சாப்பிடு.

எங்கள் மாடி காலியானது. எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இறக்கியவர் ஏற்றவில்லை. ரேம் கடை இருந்த இடத்தில் காசு போட்டுக் கொக்கியால் பொம்மை பிடிக்கும் யந்திரங்கள் வரிசையாக நின்று, யாருமில்லாத கூடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. மத்தியான வேளைகளில் நான் கார்டுகளைத் தூரிகையால் துடைப்பேன். தூசு படிவதற்குள் துடைத்துவிடுவேன், ஏனென்றால் வேறு வேலை இல்லை. எப்போதாவது ஒருவன் வருவான். கார்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பான். பெருமூச்சு விடுவான். ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். மியூசியம் நடத்துகிறவன்கூட நுழைவுச்சீட்டு கிழிப்பான். எனக்கு அதுவும் இல்லை.

பக்கத்துக் கடை காவ் மட்டும் போகவில்லை. அவர் விற்பது ஃபேன். கம்ப்யூட்டருக்குள் வைக்கும் விதவிதமான ஃபேன்கள். என் கார்டு சூடானால்தான் அவருக்குப் பிழைப்பு. எனக்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஃபேனும் அவர்தான்.

குத்தகையைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. பீயுன் ஒரு சாயங்காலம் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். டோஃபு கட்டி அளவுதான். முழுக் கம்ப்யூட்டர் என்றாள். தனிக் கார்டு இல்லை, உள்ளே வீட்டோட மாப்பிள்ளைதான். இனிமேல் கடையில் இதையும் கையில் வைத்து ஆடும் கருவிகளையும் மட்டும் விற்பதென்றால் குத்தகையில் கையெழுத்துப் போடுவதாகவும், கார்டுதான் என்றால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

கார்டின் பெருமைகளை எடுத்துச் சொன்னேன். வெளிச்சம், நிழல், நீரில் விழும் பிம்பம். உணர்ச்சிவசப்பட்டதில் கரண்டி கீழே விழுந்தது.

"அது கார்டு இல்லைங்க, அட்டை," என்றாள் பீயுன். "ஒட்டிக்கிட்டு கரண்ட்டை உறிஞ்சுது. ஊதிப் பெருக்குதே தவிர விழ மாட்டேங்குது."

"பார்க்கிறவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும் பீயுன்."

"தெரியுமா?"

"யாரை வேணா கூப்பிடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுவோம். எதுன்னு சொல்லாமலே காட்டுவோம். கார்டு தோத்தா நானே பலகையைக் கழட்டுறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அவள் உடனே ஒத்துக்கொள்கிற விஷயங்களில் எனக்கு நல்லது நடந்ததாக ஞாபகம் இல்லை.

நடுவர்கள் மூன்று பேர் என்று பேசினோம். ஒருவர் காவ். இன்னொருவர் கட்டடத்துக்குக் கீழே சாப்பாட்டுப் பெட்டி விற்கும் வெய் அக்கா. வாழ்நாளில் கேம் ஆடாதவர், ஆனால் பன்றிக்கறித் துண்டு பொரிந்ததா இல்லையா என்பதைத் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லக்கூடிய கண். மூன்றாமவர் பெங். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். என் பழைய வாடிக்கையாளர். பல்லின் நிறத்தில் இத்தனை வெள்ளை உண்டு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போட்டிக்கு முன் அந்தக் குட்டிப் பெட்டியை ஆராய்ந்து பார்ப்பதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனேன். காவ் சாப்பிடப் போயிருந்தார். ஒரு புது கேமை அதில் ஓட்டினேன். திணறும், நாலு சிரிப்புச் சிரித்துவிட்டு மூடிவிடலாம் என்றிருந்தேன். அது திணறவில்லை. அவ்வளவு நன்றாகவும் இல்லை. நிழல்களின் ஓரம் கரகரவென்றிருந்தது, தூரத்து மரங்கள் சோம்பலாக வந்து சேர்ந்தன. எனக்குத் தெரிந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத் தெரியும். வெய் அக்காவுக்குத் தெரியுமா? அந்தக் கேள்வி வந்ததும் கேமை நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். பக்கத்து யந்திரம் ஒன்று, பொம்மை வேண்டுமா என்று பாடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

பெட்டிக்குள் இரண்டு ரேம் பட்டைகள். வீட்டோட மாப்பிள்ளைக்குச் சொந்த ரேம் இல்லை என்றேன் அல்லவா, அந்த இரண்டிலிருந்து உறிஞ்சித்தான் அவன் படம் வரைய வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டால் பெட்டி சாகாது. ஓடும். ஆனால் ஒற்றை மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி ஓடும். ஒன்றைக் கழற்றினேன். கால்சட்டைப் பையில் போட்டேன். மூடியைத் திரும்ப முடுக்கி, ஓட்டிப் பார்த்தேன். இருமியது. எனக்கு மூச்சு வந்தது.

பெட்டியை யாரும் திறந்துவிடக் கூடாதே. அதற்காக ஒரு விதி செய்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களையும் மேஜைக்குக் கீழே வைத்துச் சிவப்புத் துணி போட்டு மூடிவிடுவோம், மூடிய பிறகு போட்டி முடியும்வரை யாரும் துணியைத் தொடக் கூடாது, அப்போதுதான் எந்தப் பக்கம் எது என்று நடுவர்களுக்குத் தெரியாது. நியாயம்தானே என்று பீயுனைக் கேட்டேன். ரொம்ப நியாயம் என்றாள். கார்டு பூட்டிய பெரிய கம்ப்யூட்டரை இடப்பக்கத் திரையோடும் குட்டிப் பெட்டியை வலப்பக்கத் திரையோடும் என் கையாலேயே இணைத்துத் துணியைப் போட்டேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பாட்டுப் பாடினேன். மாமனார் கதவைத் தட்டி, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

மறுநாள் காலை பீயுன் எனக்கு முன்பே கடைக்குப் போய்விட்டாள். ஆட்கள் வருகிறார்கள், கூட்டிப் பெருக்க வேண்டும் என்றாள். நான் போகும் வழியில் ஒரு பச்சை நொறுக்குப் பொட்டலம் வாங்கினேன். எங்கள் ஊரில் யந்திரத்தின் மேல் பச்சைப் பொட்டலம் வைத்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். பச்சைதான் வேண்டும், தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. தேதியை இரண்டு தடவை பார்த்தேன். மேஜையின் இடப்பக்கக் காலோரம், துணிக்கு வெளியே, யாருக்கும் தெரியாமல் வைத்தேன். துணி நேற்றுப் போட்டபடியே இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். வெய் அக்கா கையோடு சாப்பாட்டுப் பெட்டிகளையும் கொண்டுவந்திருந்தார். ஓட்டப்போவது மழை பெய்யும் ஒரு துறைமுகம், குதிரைக்காரன் ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் பாலத்தைத் தாண்டிப் போவான், யாரும் ஆட வேண்டியதில்லை, தானாகவே ஓடும் காட்சி என்று விளக்கினேன். கார்டுகளைச் சோதிப்பதற்கென்றே கேமுக்குள் வைத்திருப்பது. இரண்டு கீபோர்டிலும் ஒரே நேரத்தில் தட்டினேன். தட்டிவிட்டு, இடப்பக்கத் திரையைக் காட்டுவதுபோல் காட்டாமல், அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றேன்.

இடப்பக்கத் திரையில் குதிரை ஓடவில்லை. தவணை முறையில் நகர்ந்தது.

ஒரு கால் தூக்கியது. யோசித்தது. அடுத்த காலுக்கு வந்தது. மழை பெய்தது என்று சொல்ல முடியாது, அங்கங்கே மாட்டி வைத்திருந்தது. விளக்குகள் மங்கி, பாலத்தின் ஓரம் பல்லாக உதிர்ந்தது.

வலப்பக்கத்தில் அதே குதிரை காற்றாகப் போனது. ஒவ்வொரு மழைத்துளியும் தனித்தனியாக விழுந்தது. நனைந்த கல்லில் விளக்கு உடைந்து சிதறி மறுபடி கூடியது. இத்தனை வருடம் நான் யார் யாருக்கோ வாயால் சொல்லி விற்ற அழகு முழுவதும் அந்தத் திரையில் ஓடியது.

என் கார்டு செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்றுத் துடைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. அப்படியே செத்தாலும் வலப்பக்கம் எப்படி உயிர்த்தது? ஒற்றை ரேமில் அந்தப் பெட்டி இப்படி ஓட வழியே இல்லை. மேற்கொண்டு யோசிக்க முடியவில்லை. நான் பேச வேண்டியிருந்தது.

இடப்பக்கத்துக்கு ஒரு நிதானம் இருக்கிறது என்றேன். பதறாமல் போகிறது என்றேன். வேகம் மட்டுமே அழகாகிவிடாது என்றேன். வேகம்தான் அழகு என்று இருபது வருடமாக நான் சொல்லக் கேட்ட காவ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு அழுத்தம் இருக்கு, கவனிச்சீங்களா?" என்றேன்.

"ஆமா," என்றார் பெங். "யாரோ கழுத்தை அழுத்திப் பிடிச்சிருக்கிற மாதிரிதான் இருக்கு."

வெய் அக்கா வலப்பக்கத் திரைக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து அந்தப் பாலத்தடியைப் பார்த்தார். தண்ணீரில் வெளிச்சம் அசைவதைப் பாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நேராக அங்கேதான் போய் நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகத் தன் செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார், நனைந்துவிடும் என்பதுபோல.

பெங் வலது என்றார். வெய் அக்கா வலது என்றார். கடைசியில் காவ். அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நல்ல படம் கார்டின் படமாகத்தானே இருக்க வேண்டும். எனக்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போடுகிறோம் என்ற பூரிப்போடு, "வலது," என்றார், "சந்தேகமே இல்ல அண்ணே."

"வலது பக்கம் எதுங்க?" என்று பீயுன் என்னைக் கேட்டாள். இணைத்தவன் நான்தானே.

சொல்லாமல் முடியாது. "குட்டிப் பெட்டி," என்றேன்.

காவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அவர் தன் கடைப் பக்கம் திரும்பி, சுவர் முழுக்கத் தொங்கும் ஃபேன்களைப் பார்த்தார். அந்தக் குட்டிப் பெட்டிக்குள் இருக்கும் ஃபேன் ஒரு பொத்தான் அளவு.

அந்த நேரத்தில்தான் என் கண்ணில் பட்டது. துணிக்கு வெளியே, திரைகளின் முதுகுப்பக்கம், இரண்டு கேபிள்கள். துணிக்குள்ளிருந்து இடது ஓரமாக மேலே வந்த கேபிள் வலப்பக்கத் திரைக்குப் போனது. வலது ஓரமாக வந்தது இடப்பக்கத்துக்கு. நடுவில் ஒன்றையொன்று பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டன. துணியை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

ஜெயித்தது என் கார்டு. மூன்றுக்கு மூன்று. வெய் அக்கா செருப்பை இழுத்துக்கொண்டது என் கார்டு வரைந்த தண்ணீருக்கு. நான் வாயைத் திறந்தேன்.

"என்னங்க, சந்தேகமா இருக்கா?" பீயுன் முந்திக்கொண்டாள். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. "வேணும்னா எல்லார் முன்னாடியும் ரெண்டு பெட்டியையும் திறந்து பார்த்துடலாம். உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு அவங்களும் பாக்கட்டும். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரட்டுமா?"

என்ன இல்லை என்கிற இடத்தில் அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

கால்சட்டைப் பையைத் தடவினேன். வேறு கால்சட்டை.

"வேண்டாம்," என்றேன். "சரியாத்தான் இருக்கு."

பெங் என் தோளைத் தட்டிவிட்டு, காலம் மாறுகிறது, பொய்ப்பல்லைக்கூட இப்போது யந்திரமே செய்துவிடுகிறது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். வெய் அக்கா எல்லோருக்கும் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தார். எனக்கு மட்டும் முட்டை ஒன்று கூடுதலாக வைத்திருந்தார். சாவு வீட்டில் வைப்பதுபோல் இருந்தது. காவ் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. தன் கடைக்குப் போய், காட்சிக்காகச் சுற்றவிட்டிருந்த ஃபேன்களை ஒவ்வொன்றாக அணைத்தார். அத்தனை வருடமாகப் பின்னணியில் இருந்த ஓர் இரைச்சல் நின்றபோதுதான் அது அங்கே இருந்ததே தெரிந்தது. பொம்மை யந்திரங்களின் பாட்டு இப்போது நன்றாகக் கேட்டது.

சாயங்காலம் நானே ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினேன். பீயுன் கீழே நின்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மாமனார் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுக் கோயில் பக்கம் போயிருந்தார். பீயுன் பாகற்காயும் உப்பு முட்டையும் வதக்கியிருந்தாள். அவள் சோற்றுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, அதன் பக்கத்தில் அந்த ரேம் பட்டையை வைத்தாள்.

முந்தின ராத்திரி துணி துவைக்கும்போது யந்திரத்துக்குள் கடகடவென்று சத்தம் வந்ததாகவும், நிறுத்திப் பார்த்தபோது என் கால்சட்டைக்குள் அது கிடந்ததாகவும் சொன்னாள். எந்தப் பெட்டிக்குள் எந்த ரேம் போகும் என்பது எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும், இத்தனை வருடம் சரக்குப் பிரித்தவள் அவள். நான் அவளுடைய ஆளின் ஒரு கையைக் கட்டிவிட்டுச் சண்டைக்கு இறக்கினேனாம். அதனால் அவள் ஆளை மாற்றிவிட்டாளாம்.

"அப்போ ஜெயிச்சது என் கார்டு," என்றேன். சொல்லும்போது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆமா. நாளைக்கு அவங்க மூணு பேருக்கும் போய்ச் சொல்லிட்டு வாங்க."

எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். காவிடம் ஆரம்பித்து, எந்த இடத்தில் ரேமைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்பதுவரை யோசித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தப் பெட்டியை வாங்கிட்டு வந்த அன்னைக்கே, நீங்க இல்லாதப்போ ரெண்டையும் கடையில வச்சு ஓட்டிப் பார்த்தேன்," என்றாள் பீயுன். "நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி."

"எது நல்லா இருந்துச்சு?"

"உங்களோடதுதான். எனக்கே தெரிஞ்சுது. வெய் அக்காவுக்குத் தெரியாமப் போகுமா? நேரா ஓட்டியிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க. நீங்க ஜெயிச்சா, கார்டு விக்கவே குத்தகையில கையெழுத்துப் போடுற எண்ணத்துலதான் இருந்தேன்."

எடுத்த பாகற்காய்த் துண்டைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தேன். அப்புறம் ஏன் என்று கேட்டேன்.

அவள் ரேம் பட்டையை எடுத்து சமையலறை ஏப்ரனின் ஓரத்தில் துடைத்தாள். அவள் கண்ணில் ஜெயித்த களை எதுவும் இல்லை. களைத்துப்போன மாதிரிதான் இருந்தாள்.

"இருபது வருஷமா அதை விக்கிறவர் நீங்க. உங்களுக்கே அது ஜெயிக்கும்னு நம்பிக்கை இல்ல. நான் யாரை நம்பிக் கையெழுத்துப் போடுறது?"

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. முந்தின நாள் காவ் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்தத் திரைக்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் என் கார்டைத் தோற்கடிக்கவில்லை. அதை முதலில் கைவிட்டவன் நான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை விற்றிருக்கிறேன், கடைசியாக ஒரு முறை எனக்கு நானே விற்க முடியவில்லை.

அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே, மற்ற கார்டுகளை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் போட்டியில் ஓட்டிய அந்தப் பெரிய கார்டை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், கம்ப்யூட்டரோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி. புருஷனின் மனசு தெரிந்தவள். வரவேற்பறையில் வைத்துக்கொள்ளலாமா, மழை நாட்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தத் துறைமுகத்தைப் பார்க்கலாமே என்று கேட்டேன்.

"பால்கனியில வைங்க," என்றாள் பீயுன். "அந்த ரேம் ஈரமா இருந்துச்சுன்னு காலையில அதை ஓட்டிவிட்டு, துணிக்கு வெளிய வந்த அதோட சூட்டுக் காத்துலதான் பிடிச்சேன். ஒரு நிமிஷத்துல காஞ்சிடுச்சு. இந்த மழையில அப்பாவோட சாக்ஸ் காயவே மாட்டேங்குது."